பூவில் சுற்றிய பிரி

இலவமரங்கள் பூத்துவிட்டன. பஞ்சு வியாபாரி ராமுத்தாய் இன்னும் ஒரு மரத்தில்கூடப் பிரி சுற்றவில்லை. கோம்பை அடிவாரம் முழுக்க அதுதான் பேச்சு.

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. காய்க்கும்வரை எவனும் காத்திருப்பதில்லை. பூவைப் பார்த்து விலை பேசி, அடிமரத்தில் வைக்கோல் பிரியைச் சுற்றிவிட்டால் அந்த வருசம் மரம் அவனுடையது. அப்புறம் பிஞ்சு கொட்டினாலும் சந்தை படுத்தாலும் நட்டம் சுற்றியவன் தலையில்.

சண்டைக் காலத்தில் ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த பஞ்சு நின்றது. மைசூர்ச் சீமையிலிருந்த ஒரு விமானக் கம்பெனி, சீட்டுக்குப் பஞ்சு தேடி இவளிடம் வந்தது. போன ஆவணியோடு சண்டை முடிந்தது. ஆர்டரும் நின்றது. இப்போது தப்பாகச் சுற்றினால் பஞ்சு ஷெட் கைவிட்டுப் போகும். சுற்றாவிட்டால் ஷெட்டுக்கு வேலையே இல்லை.

"வானத்துல பறந்தவளுக்குத் தரையில ஏவாரம் வருமாத்தா?" என்றான் மெத்தை தைத்து விற்கும் போட்டி வியாபாரி பலவேசம்.

"ஏலே, ஒன் மெத்தையில படுத்தவன் முதுகக் கேட்டா ஒன் ஏவாரம் தெரியும்" என்றாள்.

மறுநாள் கம்பெனியின் கொள்முதல் ஆள் ஞானசிகாமணி வந்து இறங்கினான். போடி பஜார்க் கடைக்காரர் மகன்.

"அக்கா, மரத்த விட்டுறாதீக. பஞ்சு வேணும்."

"சண்டைதான் முடிஞ்சுபோச்சே தம்பி?"

"புதுசா விமானம் செய்யச் சொல்ல இப்ப யாருகிட்டயும் காசில்ல. ஆனா பட்டாளத்துப் பழைய சரக்கு விமானம் மலிவாக் கெடைக்குது. அத வாங்கிச் சீட்டு வச்சு, சனம் ஏறுற விமானமா மாத்தப் போறோம். சண்டை விமானத்துல ஒரு ஆளு, ரெண்டு ஆளு. இதுல இருபதுக்கு மேல."

"அட்வான்ஸ்?"

"கம்பெனிக்கு வக்கில்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. ஜப்பான்காரன் போயும் ஜாவாவுல கலவரம் அடங்க ரெண்டு மூணு வருசம் ஆகும். அடங்குனா அந்தப் பஞ்சு மலிவு. அன்னைக்கு உங்கள விட்டுட்டு அங்கன போயிருவோம்."

"இத உங்க தொரைக்குத் தெரியாமச் சொல்றியா?"

"சொல்லச் சொன்னதே அவுகதான். இப்ப ஏமாத்துனா அடுத்த வருசம் பஞ்சுக்கு எங்கிட்டுப் போறதுன்னு கேட்டாக."

ராமுத்தாய்க்கு அந்தக் கம்பெனியைப் பிடித்துப்போனது. நல்ல காலத்தில் எவனும் திட்டம் போடுவான். கை வறண்டபோது, கைவிடும் நாளையும் சேர்த்துச் சொல்லித் திட்டம் போடுகிறவனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"அங்கன கொட்டை நீக்குற மெஷினு வச்சிருந்தீகளே, ஓடுதா?"

"சும்மாதான் கெடக்கு."

"அட்வான்சுக்குப் பதிலா அத எனக்கே எனக்குன்னு குடுத்துரு. இங்கனயே கொட்டையெடுத்து அனுப்புறேன். ரயில் கூலி பாதியாக் கொறையும்."

"கேட்டுத்தான் சொல்லணும். உறுதி சொல்ல முடியாது."

"கேளு. பூ அதுவரைக்கும் நிக்காது."

அன்றைக்கே வைக்கோலை நனைத்துப் பிரி திரித்தாள். பலவேசம் பார்த்துக்கொண்டே நின்றான். அடிவாரத்து மரங்களில் ஒன்றையும் விடாமல் சுற்றினாள்.

காய் வெடிக்கும் நேரத்தில் மெஷின் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. ஞானசிகாமணி சொன்னபடியே சில வருசத்தில் ஜாவாப் பஞ்சும் வந்தது, கம்பெனியும் போனது. மெஷின் நிற்கவில்லை. அதில் கூலிக்குக் கொட்டை நீக்கப் பஞ்சு கொண்டுவந்து, வரிசையில் நின்றவன் பலவேசம்.