ராயவரத்துக்குப் போன பிள்ளை

ரங்கூன் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிய மாதமே முருகப்பன் டிரைவரை நிறுத்திவிட்டான். காரை விற்க அவன் மனைவி கண்ணம்மை விடவில்லை. "கார் போச்சுன்னா ஊரே வந்து துக்கம் விசாரிக்கும்," என்றாள். ஆக, பிள்ளைகள் மூன்றையும் தினமும் விராச்சிலையிலிருந்து திருமயம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவன் வேலையாயிற்று. ரங்கூனில் பதினோரு பேரிடம் வேலை வாங்கியவனுக்கு இந்த மூன்றை அடக்க முடியவில்லை.

மூத்தவன் ஆதப்பனுக்குப் பத்து வயது. சிலேட்டை மறந்துவிட்டு, ஒரு மைல் போன பிறகு சொல்வான். முத்தாளுக்கு எட்டு. யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சாட்சி சொல்வது அவள் வேலை. கடைக்குட்டி பெரியகருப்பனுக்கு ஆறு. முன் சீட்டில் முழங்கால் போட்டு நின்று, ரப்பர் ஆரனை அமுக்கக் கை நீட்டி, அடி வாங்கி, மறுபடியும் நீட்டுவான். வழியில் ஒருவனுக்கு ஒன்றுக்கு வரும். அவன் இறங்கி ஏறி, கார் கிளம்பியதும் அடுத்தவனுக்கு வரும்.

ராயவரத்தில் பங்காளி முறையில் அண்ணன் ஒருவர் பிள்ளையில்லாமல் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி சொர்ணவல்லி ஆச்சி பெரியகருப்பனைத் தனக்குச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்ளக் கேட்டாள். முருகப்பன் சரியென்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த வீட்டில் நிலம் இருந்தது, நெல் இருந்தது. இவனிடம் கார் இருந்தது. மூன்றில் ஒன்றாவது கரையேறட்டும் என்று நினைத்தான். நினைப்பில் தப்பில்லை.

ராயவரத்துப் பெரியவர்கள்தான் இழுத்தார்கள். ஆறு வயது அதிகம், விவரம் தெரிந்த பிள்ளை ஒட்டாது என்றார்கள். இன்னொரு பங்காளி வீட்டில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கூட்டுகிற அன்று சபையில் பெரியகருப்பன் வாயிலிருந்து தகப்பனை அழைக்கும் அப்பச்சி என்ற சொல் வரக்கூடாது. பெற்றவனைச் சித்தப்பா என்று முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இவன். இல்லையென்றால் அந்தச் சின்னவன்.

"பேசி முடிச்சது நீங்க. சொல்லிக் குடுக்கிறதும் நீங்களே சொல்லிக் குடுங்க," என்றாள் கண்ணம்மை.

காரில்தான் பையன் அகப்படுவான். திங்கட்கிழமை காலை, ஊர் எல்லை தாண்டியதும் முருகப்பன் ஆரம்பித்தான்.

"கருப்பா, இன்னியிலேர்ந்து என்னைய சித்தப்பான்னு கூப்பிடணும்."

"எதுக்கு அப்பச்சி?"

"ராயவரத்து ஆச்சி வீட்டுல போயி இருக்கப் போறேல்ல. அங்கிட்டு அப்பிடித்தான்."

பின் சீட்டிலிருந்து ஆதப்பன் தலையை நீட்டினான். "சித்தப்பா, ஆரன் அடிங்க சித்தப்பா."

"சித்தப்பா, அண்ணன் என்னையக் கிள்ளுறான் சித்தப்பா," என்றாள் முத்தாள்.

மூன்றும் சிரித்துச் சிரித்துச் சீட்டில் உருண்டன. திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரியும்வரை அதே பாட்டுத்தான். முருகப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன் சாயங்காலம் பெரியகருப்பன் தானாகவே, "சித்தப்பா, ஒண்ணுக்கு வருது," என்றான். முருகப்பன் காரை நிறுத்தினான். பாடம் ஏறிவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

வியாழக்கிழமை ஆதப்பனுக்கு அந்த விளையாட்டு சலித்துவிட்டது. "அப்பச்சி, சிலேட்டை விட்டுட்டேன்," என்றான்.

"சித்தப்பான்னு சொல்லுண்ணே," என்று சின்னவன் திருத்தினான்.

"ஒனக்கு மட்டுந்தாண்டா சித்தப்பா," என்றாள் முத்தாள். "எங்களுக்கு அப்பச்சிதான். ஆத்தா சொன்னாக."

பையன் முருகப்பன் முகத்தைப் பார்த்தான். "நான் மட்டுமா?"

முருகப்பன் கியரை மாற்றினான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஆனாலும் ஆரனை ஒரு தடவை அமுக்கினான். "ஆமா," என்றான்.

அதன் பிறகு பையன் அவனை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட வாசலில் சறுக்கி இறங்கிப் போனான். சாயங்காலம் திரும்பும்போது முருகப்பனின் முழங்கையை விரலால் தட்டினான்.

"என்ன வேணும்? வாயத் தொறந்து கூப்பிடு."

பையன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் தட்டினான். முருகப்பன் நிறுத்தவில்லை. ஒரு பர்லாங்கு போவதற்குள் முன் சீட்டு நனைந்துவிட்டது. ஆதப்பன்கூடச் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முருகப்பனே வாளியில் தண்ணீர் எடுத்துச் சீட்டைத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை ராயவரத்து வீட்டு முகப்பில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்குப் பட்டு வேட்டி கட்டி, மஞ்சள் நீர் குடிக்கக் கொடுத்து, ஆச்சி மடியில் உட்கார வைத்தார்கள். முருகப்பன் தூணோரம் நின்றான். பையன் வாயில் சித்தப்பா என்று வரவேண்டும் போலவும் இருந்தது, வரக்கூடாது போலவும் இருந்தது.

பங்காளிகளில் மூத்தவர் கையை நீட்டிக் காட்டினார். "ஐயா, அந்தா நிக்கிறாகளே, அவுக ஒனக்கு யாரு?"

பையன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரு ஓட்டுறவுக," என்றான்.

முகப்பு முழுக்கச் சிரிப்பு. ஆச்சி அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "அப்பச்சின்னு வரலையே, அது போதும்," என்றார் பெரியவர். "மத்த முறையெல்லாம் தன்னால வந்துரும்." எல்லாரும் திரும்பிப் பார்த்ததால் முருகப்பனும் சிரித்தான்.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது, வாசலில் ஆச்சி வீட்டு டிரைவர் ராசு அவர்களுடைய பெரிய காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமையிலிருந்து பெரியகருப்பனை அதே திருமயம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது அவன்தான்.

"தம்பியை எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விடணுங்க?" என்று கேட்டான்.

"ஒம்பதரைக்கு மணி அடிப்பாக. கோட்டை வளைவுல மெதுவாப் போ. கதவுப் பிடியில கை வச்சுக்கிட்டே வருவான், பாத்துக்க. சாயங்காலம் தூங்கிருவான். தலை முன்னாடி வந்து இடிக்கும், ஒரு கையால நெத்தியத் தாங்கிக்கணும். ஓயாமப் பேசுவான். பதில் சொல்லாட்டியும் பரவால்ல, ம் கொட்டிக்கிட்டே இரு. தட்டுனான்னா ஒடனே நிப்பாட்டிரு. அப்புறம்..."

"ஐயா," என்றான் ராசு, துணியைப் பிழிந்தபடி. "எனக்கும் நாலு இருக்குங்க."

முருகப்பன் தலையாட்டினான். இன்னும் இரண்டு விஷயம் சொல்ல இருந்தது. கண்ணம்மையும் மற்ற இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவன் முன்பக்கம் போய்க் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது.