ஒட்டிய கை

செத்தும் தாவுரி தன் மனைவியை விடுவதாக இல்லை. வீட்டுக்குள் பாயில் சுருட்டிய பிணமாகக் கிடந்தவன், குயத்தி உட்சிமாவின் முற்றத்தில் மண் பொம்மையாகவும் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மண்ணாலான அவன் மனைவி ஷிதைமா. அவள் கை அவன் தோளோடு ஒட்டியிருந்தது. மாமியார் யூக்கைமா கேட்டுச் செய்யவைத்த ஜோடி அது. ஜோடி பிணத்தோடு குழிக்குள் இறங்கிவிட்டால் கைம்பெண் வேறொருவன் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. செத்தபின் அதே குழிதான், அதே புருஷன்தான்.

ஷிதைமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோளம் அரைக்க உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி குயத்தி வீட்டுக்கே போனாள். அவன் உதைத்த விலா இன்னும் வலித்தது.

"அக்கா, அந்தக் கையை மட்டும் வெட்டி விட்டுடேன்."

"உன் மாமியா என் கையை வெட்டுவா. போ, போய் வேலையைப் பாரு," என்று சொல்லிவிட்டு உட்சிமா விறகெடுக்கப் போனாள்.

உள்ளே வெறும் கூடான பொம்மைகளின் உச்சந்தலையில் ஆளுக்கொரு துளை இருந்தது. துளையில்லாத பொம்மை சுடும்போது நெருப்பில் வெடிக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெடித்தால் இன்னொன்று செய்ய நேரமில்லை. இந்த வெயிலில் பிணம் தாங்காது. ஷிதைமா ஈர மண்ணைக் கிள்ளித் தன் தலைத் துளையை அடைத்தாள். அவன் தலைக்கும் கை போனது. பொம்மைதான், இருந்தாலும் அவன் தலையில் கை வைக்கத் துணிவில்லாமல் இழுத்துக்கொண்டாள்.

நெருப்பு எரிந்து தணியும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பாழாய்ப் போன பொம்மை வெடிக்கவே இல்லை. சாம்பலைத் தள்ளினால் ஜோடி முழுசாக, செக்கச்செவேலென்று இருந்தது.

உட்சிமா பெண் பொம்மையின் தலையைத் தடவிப் பார்த்தாள். "நீதான் அடைச்சியா?"

ஷிதைமா தலையாட்டினாள்.

"உள்ளே ரெண்டும் ஒண்ணுதான்டி. உன்னை அடைச்சதும் காத்து கை வழியாப் போய் அவன் தலையால வெளியேறியிருச்சு. அவனையும் அடைச்சிருக்கணும்."

"பயமா இருந்துச்சு அக்கா."

"மண்ணைப் பாத்தா?"

உட்சிமா அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் குன்றின்மேல் உறவெல்லாம் கூடியது. பிணத்தை முதலில் இறக்கினார்கள். ஜோடியை மனைவிதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். முதுகில் கட்டிக்கொண்டு, கையில் தீச்சுள்ளியோடு, கிணறு மாதிரியான அந்தக் குழியில் ஷிதைமா இறங்கினாள். அடியில் பக்கவாட்டு அறை. மாமனாரின் எலும்புகள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் தாவுரி.

"வச்சுட்டியாடி?" மேலிருந்து மாமியார் குரல்.

ஷிதைமா குனிந்து, பாயை விலக்கி, அவன் தலையில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. இதற்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று ஆத்திரம் பொங்கியது. ஜோடியை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள். ஒரு கல்லை எடுத்து, ஒட்டிய கைமேல் ஓங்கிப் போட்டாள்.

மேலே ஏறி வந்தவளின் இடுப்பில், கையொடிந்த மண் பெண் குழந்தைபோல் உட்கார்ந்திருந்தாள். பிடுங்கப் பாய்ந்த யூக்கைமா பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். குழிக்குள் போய்த் திரும்பிய பொருளை யாரும் தொட மாட்டார்கள். உறவுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அங்க என் புள்ள தனியா இருப்பான்டி," என்று யூக்கைமா அழுதாள்.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் ஷிதைமா.