இரண்டு வகைத் தலைப்பிரட்டைகள்

‘மேம், மன்னிச்சிடுங்க. திங்கட்கிழமை என்னால பேச முடியாது.’

ஆய்வு மாணவி கலைமதி அனுப்பிய இந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து ரஞ்சனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்கென்று ஓர் உதவி மையம் தொடங்கி, அதை உதவிப் பேராசிரியை ரஞ்சனியின் தலையில் கட்டியிருந்தார்கள். போன வருடம் ஒரு மாணவன் விடுதி அறையைக் காலிசெய்துவிட்டுப் போனது, வெகுநாள் கழித்துத்தான் துறைக்கே தெரிந்தது. அந்த நினைப்பில், சனிக்கிழமை என்றும் பாராமல் செஞ்சிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

செஞ்சி மலைகளின் பாறைக்குழிகளில் மழைநீர் தேங்கும்போது அதில் வளரும் தலைப்பிரட்டைகளைப் பற்றியது கலைமதியின் ஆய்வு. திங்கட்கிழமை கருத்தரங்கில் துறையினர் முன்னால் அதைப் பேசிவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். கரையேறும் நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது?

வீட்டில் கலைமதியின் அம்மா பவுனம்மாள்தான் இருந்தாள்.

“பாப்பா காலையிலயே ராணிக்கோட்டைக்குப் பூட்டாளே மேடம். போனு இங்கதான் கெடக்குது. கொஞ்ச நாளா சரியா சோறே துன்னல. கேட்டா டென்ஷன்ங்கறா.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “இன்னா மேடம், எதுனா பிரச்சனையா?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஆட்டோ பிடித்து ராணிக்கோட்டை மலையடிவாரத்துக்குப் போனாள். டிக்கெட் கொடுப்பவர், “அந்தத் தவளைப் பொண்ணா? மேல போச்சி, இன்னும் எறங்கல” என்றார்.

படிகள் மழையில் வழுக்கின. ரஞ்சனி மூச்சிரைக்க ஏறினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குரங்குகள்தான் திரும்பிப் பார்த்தன. பாதி மலையில், படியை விட்டு விலகிப் போகும் பாறையின் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. அதற்கு அப்பால் சரிவு. “கலைமதி!” என்று கத்தினாள்.

“மேம்?”

பாறை மடிப்புக்குப் பின்னால், ஒரு தண்ணீர்க் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்திருந்த கலைமதி தலையைத் தூக்கினாள். ரஞ்சனி அப்படியே ஈரப்பாறையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டலாம் போலிருந்தது.

கலைமதி ஒரு வெள்ளைக் கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே இரண்டு தலைப்பிரட்டைகள்.

“வாயை லென்ஸ்ல பாருங்க மேம். பல் வரிசை வேற வேற. இது ரெண்டு ஜாதித் தவளை. நான் ஒண்ணுன்னு நெனச்சி எல்லாத்தையும் சேத்து எண்ணிட்டேன். மொத்த முடிவும் தப்பு. கைடு சார் பேரும் என் பேரும் போட்டு ஜர்னல்ல பேப்பர் வேற வந்துடுச்சி.”

“சார்கிட்ட சொன்னியா?”

“எப்டி மேம் சொல்றது?” கலைமதி அழ ஆரம்பித்தாள்.

அவள் அழுது ஓயும்வரை ரஞ்சனி காத்திருந்தாள். பிறகு தன் போனில் நெறியாளர் இராமச்சந்திரனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். “நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்.”

கலைமதி திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

“திங்கட்கிழமை முடியட்டும்மா,” என்றார் இராமச்சந்திரன். “இத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப எதையும் கெளப்பாத.”

“தெரிஞ்சே அத நின்னு பேச என்னால முடியாது சார்.” கலைமதியின் குரல் எழும்பவே இல்லை.

ரஞ்சனியின் பதவி உயர்வைப் பரிசீலிக்கும் குழுவில் அவரும் ஒருவர். பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

“சார், கருத்தரங்கத் தள்ளிவைக்கச் சொல்லி துறைத்தலைவருக்கு நான் எழுதறேன்,” என்றாள்.

“இது எனக்கும் என் ஸ்டூடண்டுக்கும் நடுவுல இருக்கிற விஷயம். நீங்க ஏன் வர்றீங்க?”

“உதவி மையத்துல என்னை அதுக்குத்தானே சார் போட்டிருக்கீங்க?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

கருத்தரங்கு தள்ளிப்போனது. இராமச்சந்திரன் பல வாரம் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், எதுவுமே நடக்காததுபோல, கட்டுரை வந்த ஆய்விதழுக்குப் போகவேண்டிய திருத்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் கலைமதியின் உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. ரஞ்சனி அலையாய் அலைந்து அவளுக்கு ஆய்வகத்தில் ஒரு தற்காலிக வேலை வாங்கித் தந்தாள். ரஞ்சனியின் பதவி உயர்வுக் கோப்பு இன்னும் நகரவில்லை. காரணம் அன்றைய போன் பேச்சுதானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

கலைமதி இப்போது வாரந்தோறும் ரஞ்சனியின் அறைக்கு வந்துவிட்டுப் போகிறாள். சில வாரம் சொல்வதற்கு நல்லது ஏதாவது இருக்கும். சில வாரம் இருக்காது.