மூணாவது ரெடி

அத்தான் சொல்வதை வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஊரார் திட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற மனுஷன். அவருடைய அண்ணன்மார் கூடிப் பேசினால், நாற்காலி எடுத்துப் போடுவதும் விசிறியைக் கூட்டிவைப்பதும்தான் இவர் பங்கு. ஆனால் கார் என்ஜின்களின் சத்தத்தைப் பற்றி அவர் இணையத்தில் எழுதும் பக்கத்தை எட்டாயிரம் பேர் படிக்கிறார்கள். அங்கே அவருக்குப் பெயர் காதுக்காரர். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தெருமுனையில் திரும்பும்போதே அதற்குள் என்ன மாட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த ஒரே கௌரவம் அதுதான்.

மெக்கானிக்குக்கு இது தெரியாமல் இல்லை. அவன் அத்தானுடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அத்தான் சோதித்து எழுதுகிற கார்களுக்கெல்லாம் சாமான் மாட்டிக் கொடுப்பவன். தெரிந்தும் செய்தான் என்பதுதான் இந்தக் கதையில் உள்ள கேவலம்.

விஷயம் இதுதான். என்ஜின் மூச்சிழுக்கக் காரோடு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி வருகிறது. கம்பெனி பெட்டி என்பார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியில் விற்கிற ஏர் இன்டேக்கை மாட்டினால் இழுவை கூடும், சத்தம் கம்பீரமாகும் என்று நம்பிக் காசைக் கொட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்காக அத்தான், ஒரு கடைக்காரரிடம் இரவல் வாங்கிய மூன்று இன்டேக்குகளை ஒப்பிட்டு எழுதுவதாக இருந்தார். முதலாவது, திறந்த கூம்பு ஃபில்டர். இரண்டாவது, மூடிய பெட்டிக்குள் எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர். மூன்றாவது, முன் பம்பருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து வரும் நீளக் குழாய். மூன்றிலும் விலை கூடியது அதுதான். காரை ஒரு பல் டாக்டர் இரவலாகக் கொடுத்திருந்தார். அவர் கழற்றிப்போட்ட கம்பெனி பெட்டி டிக்கியில் தூசி படிந்து கிடந்தது.

அத்தானுக்கு ஒரு முறை இருந்தது. எது மாட்டியிருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார்க்கமாட்டார். கண் பார்த்துவிட்டால் காது அதற்குத் தலையாட்டும் என்பார். மெக்கானிக் மாட்டி, பானெட்டை மூடி, குரல் கொடுத்த பிறகுதான் ஷெட்டுக்குள் வருவார்.

முதல் இரண்டும் ஒழுங்காக நடந்தன. மூன்றாவதை மாட்டும்போது, குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பைக் கையாலேயே முறுக்கு, பிளாஸ்டிக் மென்மையானது என்று அத்தான் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷமாக ஷெட் வைத்திருப்பவனுக்கு, புகார்ப் பிரிவுக்காரர் பாடம் எடுப்பதா? அவன் பவர் டிரைவரை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். குழாயின் கழுத்து விரலளவுக்கு விரிசல் விட்டது.

வெளியே போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தான் கோபிக்கத் தெரியாதவர். அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. டிக்கியிலிருந்து கம்பெனி பெட்டியை எடுத்துத் துடைத்து மாட்டினான். ஒரு சுற்று போய்விட்டு வரட்டும், உதட்டைப் பிதுக்குவார், அப்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"மூணாவது ரெடி, அத்தான்."

போனவர் இருபது நிமிஷம் கழித்துத்தான் வந்தார். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் கிரீஸ் என்று அவன் விலகப் பார்த்தும் விடவில்லை. இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை, மற்ற இரண்டும் சும்மாக் கத்துகின்றன, இது கேட்டால்தான் பேசுகிறது, பேசினால் பொய் பேசுவதில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியது அவன் தொண்டைக்குக் கீழே போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அன்று மாலையே அத்தான் எழுதி வெளியிட்டுவிட்டார்.

உடைந்ததற்குப் பதில் புதிது வாங்கிக் கடைக்காரரிடம் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வந்தான். அதோடு முடிந்தது என்று இருந்தால், கட்டுரையைப் படித்துவிட்டு அந்த நீளக் குழாயைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அவன்தான் மாட்டிக் கொடுத்தான். அத்தான் எழுதிய வரிகளை அவர்கள் ஒப்பிக்கும்போதெல்லாம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். வெட்கங்கெட்டவனுக்கு ஒளிய ஒரு பானெட் போதும்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். அத்தான் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். அந்தக் குழாய் மாட்டிய இரண்டு கார்களை வழியில் கேட்டிருக்கிறார், எதிலும் அன்றைய சத்தம் இல்லையாம். காது டாக்டரிடம் போய்ப் பரிசோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். மிஷின் போடுகிற பீப் வேறு, என்ஜின் வேறு என்று சொல்லி இவர் அதை நம்ப மறுக்கிறார். சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கவனிக்கிறாராம், டிக் டிக் சரியாகக் கேட்கிறதா என்று.

வாயைத் திறக்க அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. அவன் சொன்னது வேறு.

"வயசாகுதுல்லக்கா. அப்படித்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். அன்று முழுக்க ஒரு போல்ட்டும் ஒழுங்காக உட்காரவில்லை. ஆனாலும் அவன் திரும்பப் போன் செய்யவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு கணக்கு டீச்சர் வந்தார். ஐம்பது வயதுக்குப் பிறகு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, மகளுடைய கேலியைத் தாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர். பல் டாக்டருடைய காரும் இதுவும் ஒரே மாடல். காதுக்காரர் எழுதியதைத் தாளில் அச்செடுத்துக் கோடு போட்டு வைத்திருந்தார். நீளக் குழாய்தான் வேண்டும், மாட்டியதும் காதுக்காரரே வந்து கேட்டுச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் எழுதிவிட்டாராம். தட்ட முடியாமல் அத்தானும் வந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

மெக்கானிக் கையாலேயே கிளாம்ப்பை முறுக்கினான். அத்தான் டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் இறங்கி, காரைச் சுற்றிவந்து டீச்சர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, அலுவலகத்தில் புகார்க்காரர்கள் முன்னால் நிற்பாரே, அப்படிக் கைகட்டி நின்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க மேடம். நான் எழுதினது தப்பு. இது அந்தச் சத்தம் இல்ல. நான் கேக்காததைக் கேட்ட மாதிரி எழுதிட்டேன். என் காது போயிடுச்சுன்னு நினைக்கிறேன். என்னை நம்பி நீங்க வாங்கிட்டீங்க."

அதெல்லாம் பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று டீச்சர் பதறினார். அத்தான் தலை நிமிரவில்லை. அந்த மனுஷன் தன் வாழ்நாளில் செய்யாத தப்புக்கு எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். இப்போது இவன் செய்ததற்கும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். மெக்கானிக்குக்குக் காலில் விழலாமா, ஷெட்டை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அத்தான், அன்னைக்கு நான் மாட்டினது இது இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு வச்சிருந்த குழாயை நான் உடைச்சிட்டேன். கம்பெனி பெட்டியத்தான் மாட்டிட்டு மூணாவதுன்னு சொன்னேன்."

டீச்சர் கையிலிருந்த தாளை மெல்ல மடித்தார். அறை விழும் என்று மெக்கானிக் எதிர்பார்த்தான். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அத்தான் ஒரு அடி கிட்டே வந்தார்.

"அப்ப ரெண்டும் வேற வேறயா?"

"ஆமா அத்தான்."

"அன்னைக்குக் கேட்டது நிஜம்தானா?"

"நிஜம்தான்."

அத்தான் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தி, எடுத்து, மறுபடி பொத்தினார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கோபப்பட வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பையிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். கேக்குது, எல்லாம் சரியாத்தான் கேக்குது என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். அத்தான் ஒரு கணம் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"உன் தம்பிதான் கண்டுபிடிச்சான்."

சொல்லிவிட்டுப் போனை அவனிடம் நீட்டினார். அக்கா அந்தப் பக்கம் விம்மிக்கொண்டிருந்தாள். ரெண்டு மாசமா இவர் தூங்கலடா, நீ நல்லா இருப்படா, உன் கைக்கு ஒரு குறையும் வராது என்றாள்.

சும்மா "சரிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டால் போதும். அத்தான் அதற்கும் வழி செய்து கொடுத்துவிட்டுக் காரைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, கண்டுபிடிச்சது நான் இல்ல. கெடுத்தது நான்" என்றான். அவள் விம்மல் நின்றது. கிளாம்ப்பை முறுக்கியதிலிருந்து ஆரம்பித்து, வயசாகிறது என்று சொன்னது வரைக்கும், டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்றுவிடாமல் சொன்னான்.