நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

"அக்கா, நான் பாடறனா, பாம்பு சீறுதா?"

ஒத்திகைக் கூடத்தின் மேடையிலிருந்து தங்கை மைக்கிலேயே கேட்டாள். கூடத்தின் மறுகோடியில், மிக்ஸிங் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா தலை நிமிரவில்லை.

"மைக்கை விட்டுத் தள்ளி நில்லு."

"இன்னும் தள்ளினா தெருவுல நின்னுதான் பாடணும். 'ச'ன்னு வாயைத் திறந்தாலே ஊசி குத்துது. போன ரெண்டு கச்சேரியிலயும் முன்வரிசையில காதைப் பொத்திக்கிட்டாங்க. மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்."

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார். "வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கணும்மா எனக்கு."

பதினேழு வருடமாக அந்தக் குழுவின் ஒலியைக் கலந்து தருபவள் அக்கா. குழுவில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கருவி எவ்வளவு கேட்க வேண்டும் என்று அவள் நிறுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. இப்போது முதல் தடவையாகப் பேச்சு வந்திருக்கிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடக்கும் பெரிய இசை விழாவுக்கு ஆறே நாள் இருக்கும்போது.

"ஸ்பீக்கர் பழசு" என்றாள்.

கணவர் வாதாடவில்லை. ஒலியை அளக்கும் மைக் ஒன்றைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி மடிக்கணினியில் இணைத்தார். பிறகு, தாழ்ந்த சுருதி முதல் உச்சம் வரை எல்லாம் ஒரே கனத்தில் கலந்த ஓர் இரைச்சலைப் போர்டு வழியாக ஓடவிட்டார். அது திரையில் ஏறக்குறைய மட்டமான கோடாக விழ வேண்டும். விழவில்லை. நாலாயிரம் ஹெர்ட்ஸ் அருகில் சின்னக் குன்று ஒன்று நின்றது. ஸ், ச், டிரம்ஸின் சிம்பல் தட்டு எழுப்பும் சிலீர் எல்லாம் குடியிருக்கும் இடம் அது. போர்டில் அவள் செய்துவைத்திருந்த திருத்தங்களை அணைத்தார். குன்று காணாமல் போனது.

"ஸ்பீக்கர் பாவம்" என்றார் மெதுவாக.

அந்தக் குன்றை அவள் ஒரே நாளில் எழுப்பவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் குரல் கொஞ்சம் மங்கலாகப் பட்டது. அரை டெசிபல் கூட்டினாள். போர்டு அதை நினைவில் வைத்துக்கொண்டது. அடுத்த முறை அதன்மேல் இன்னொரு அரை. இதோடு, யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்றும் இருந்தது. மூன்று வாரமாக அவள் காதுக்குள் மெல்லிய விசில் ஒன்று ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கச்சேரி முடிந்த மறுநாள் காலையில் அது போய்விடும். இந்த முறை விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான். சொன்னால் என்ன ஆகும்? நாக்குச் செத்த சமையல்காரியை யார் அடுப்படியில் விடுவார்கள்?

மறுநாள் அவள் தனியாகக் காது மருத்துவரிடம் போனாள். பஞ்சு பதித்த சின்ன அறை. ஹெட்போனில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பாதியில் நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது போல என்று நினைத்தாள்.

இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. மருத்துவர் நீட்டிய தாளில் கோடு சீராக வந்து, நாலாயிரத்தில் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறியிருந்தது.

"சத்தத்தால வர்ற பள்ளம் இது. உள்காதுல ரொம்ப நுணுக்கமான முடி மாதிரி செல்லுங்க இருக்கு. சத்தம் அதைப் புல்லு மாதிரி மிதிக்குது. ஒரு தடவை மிதிச்சா நிமிந்துக்கும். தினம் மிதிச்சா ஒத்தையடிப் பாதைதான். அங்க மறுபடி முளைக்காது. எவ்வளவு சத்தத்துல வேலை பாக்கறீங்க?"

"நூறு டெசிபல். சில நாள் கூட."

"எண்பத்தஞ்சுன்னா எட்டு மணி நேரம் தாங்கும்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல மூணு மூணா ஏற ஏற, நேரம் பாதி பாதியாக் குறையும்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்பத்தெட்டுக்கு நாலு மணி. தொண்ணூற்றொன்றுக்கு இரண்டு. தொண்ணூற்று நாலுக்கு ஒன்று. தொண்ணூற்றேழுக்கு அரை. நூறுக்குக் கால் மணி நேரம். மூன்று பாட்டு முடிந்தால் அன்றையப் பங்கு தீர்ந்தது. அவள் இருபது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. திரையில் கண்ட குன்றைத் தலைகீழாக்கி இந்தப் பள்ளத்தில் வைத்தால் அப்படியே பொருந்தும். தன் காதில் விழுந்த பள்ளத்துக்கு ஊரார் காதில் மண் கொட்டியிருக்கிறாள். கொட்டக் கொட்டச் சத்தம் கூடியது, அவள் பள்ளமும் ஆழமானது.

"காதுல ஃபோம் பஞ்சு அடைப்பான் வெச்சுக்கிட்டு வேலை பாக்கட்டுமா?"

"கேக்க வர்றவங்களுக்கு அது போதும். நல்லா உருட்டி, காதை மேல இழுத்து, உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் பிடிச்சுக்கணும். ஆனா அது உச்ச சுருதியைத்தான் அதிகமா வெட்டும். நீங்க வெச்சா இன்னும் கூட்டுவீங்க. எல்லாத்தையும் ஒரே அளவா குறைக்கிற ஃபில்டர் வெச்சது இருக்கு, அது வாங்குங்க. போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

வீட்டுக்கு வந்து தாளை மேசைமேல் வைத்தாள். கணவரும் தங்கையும் படித்தார்கள். கணவர் அவள் தோளில் கை வைத்தார். தங்கைக்குக் கண் கலங்கியது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ ஞாயித்துக்கிழமை போர்டுல யாரு?"

"நான்தான்."

"உன் காதை நம்பி நான் எப்படிக்கா பாடறது?"

சுருக்கென்றது. ஆனாலும் கேள்வி நியாயமானது. "நம்பாத. நானும் நம்பப் போறதில்ல. அந்தக் குன்றைக் கரைச்சு, கோட்டை மட்டமாக்கிப் பூட்டிடறேன். சத்தம் தொண்ணூத்தி நாலைத் தாண்டாது. கச்சேரிக்கு முன்னாடி உன் ஒத்திகைப் பதிவை மைதானத்துல ஓடவிடறேன். நீ சுத்தி நடந்து கேட்டுட்டு வந்து சொல்லு."

"நடுவுல கை அரிச்சுதுன்னா?"

"அரிக்கும். தொட மாட்டேன்."

"நான் மெல்லிசான குச்சி எடுத்துக்கறேன்" என்றார் கணவர்.

"அப்படியே உங்க கையையும் மெலிய வைங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமை பகல். தடுப்புக் கயிற்றை ஸ்பீக்கரிலிருந்து இன்னும் பத்தடி பின்னால் கட்டச் சொல்லி விழாக்காரர்களிடம் கேட்டு வாங்கினாள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபல் இறங்கும். காசில்லாத மருந்து அது. தங்கை மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்து, "சரியா இருக்கு, தொடாத" என்றாள்.

நாலு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. தராசு காதில் ஃபில்டர் அடைப்பான்களைப் பொருத்திக்கொண்டாள். முதல் பாட்டிலேயே அவளுக்கு எல்லாம் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. தங்கையின் குரலில் ஓரமே இல்லை. சிம்பல் தகரமாக இல்லை, தலையணையாக இருந்தது. வலது கை தானாகக் குமிழ் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் மறுபடி போனது. கடைசியில் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

காது சாட்சி சொல்லாதபோது கண்ணைத்தான் கூப்பிட வேண்டும். கூட்டத்தைப் பார்த்தாள். முந்தைய குழு வாசித்தபோது இரு காதிலும் விரலை விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், இப்போது அந்த விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் தோளில் இருந்த குழந்தை, பெரிய காது மூடியோடு, ஆடிக்கொண்டிருந்தது. போர்டுக்குப் பக்கத்தில் ஒருவருக்கொருவர் கைநீட்டும் தூரத்தில் நின்ற இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தாமல் பேசிச் சிரித்தார்கள். மீட்டரில் தொண்ணூற்று மூன்று. அவள் அசையவில்லை. கடைசிப் பாட்டு வரை அசையவில்லை.

அடுத்த குழு மேடையேறியதும் மூவரும் வண்டி நிற்கும் ஓரத்துக்கு நடந்தார்கள். அங்கே சத்தம் குறைவு. காதுக்கு ஓய்வு வேண்டும்.

"உனக்கு எப்படிக்கா கேட்டுச்சு?"

"கம்பளி போத்திக்கிட்டுப் பாடின மாதிரி."

தங்கை நின்றுவிட்டாள். "நிஜமாவா? அப்புறம் ஏன் ஏத்தல?"

"நீ எனக்கு மட்டுமா பாடற?"

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த கச்சேரிக்கும் நான் நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன். நீ போர்டைப் பாத்துக்க. அப்படியே அந்த டாக்டர்கிட்ட எனக்கும் மாமாவுக்கும் நேரம் கேட்டு வை."

"எனக்கு எதுக்கு? என் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா.

"அக்கா மூணு தடவை கூப்பிட்டாத்தான் நீங்க திரும்பறீங்க."

"அது காதுக் கோளாறு இல்லம்மா. கல்யாணம் ஆனவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான்."

சொன்னாரே தவிர, செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பஞ்சு பதித்த அறைக்குள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் அவர்தான்.