இருபத்து மூன்று பல்

டாரில் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் ஓர் எண், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்து ரிமோட் கார்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நெவில் வந்து கேட்டான். திருப்பத்தில் தன் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது, உன் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று. ஸ்பிரிங் எது, ஷாக் அப்சார்பருக்கு எந்த எண்ணெய், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எல்லாவற்றையும் டாரில் உள்ளது உள்ளபடி சொன்னான். கடைசியில் மோட்டார் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று நெவில் கேட்டான். இருபது என்று சொல்ல வாயெடுத்தவன் இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டான்.

மூன்று பல் கூடினால் நேர்பாதையில் வண்டி பறக்கும். ஆனால் மோட்டார் வெந்துபோகும். இது டாரிலுக்குத் தெரியாதா என்ன? ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன், மோட்டார் சூட்டைப் பற்றி அவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

மெக்காய் ஊர் ரிமோட் கார் கிளப்பில் அவன் ஆறு வருஷமாக இரண்டாமிடம். முதலிடத்தைப் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெட்ராவும் பள்ளி பஸ் ஓட்டும் நெவிலும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். மைதானத்தில் சாஸேஜ் சுட்டு விற்கிறவன்கூட அவனை "ரெண்டு" என்றுதான் கூப்பிடுகிறான். ஒரே ஒரு வருஷம் ஜெயித்துவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

ஞாயிறு காலை வருஷப் போட்டியில் பொய் கச்சிதமாக வேலை செய்தது. தகுதிச் சுற்றில் நெவிலின் மோட்டார் சூடாகி வண்டி தள்ளாடியது. பெரிய இறுதிப் போட்டி கைநழுவி, சின்ன இறுதிப் போட்டிக்கு இறங்கினான். டாரிலுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. அடுத்த சுற்றிலேயே, பெரிய போட்டிக்குத் தேறியிருந்த டாரிலின் வண்டி மேட்டிலிருந்து எகிறிப் பாதையோர இரும்புக் குழாய்மேல் விழுந்து, அடித்தட்டு இரண்டாகப் பிளந்தது. மாற்றுத் தட்டு இல்லை. சின்ன இறுதிப் போட்டி நடந்த நேரம் முழுக்க அவன் அதை ஒட்டவைக்கப் பார்த்துத் தலைநிமிராமல் கிடந்தான்.

நிமிர்ந்தபோது மேஜைமேல் நெவிலின் வண்டி இருந்தது.

"இதை எடுத்துட்டுப் போ, மாப்ள. என் கதைதான் முடிஞ்சு போச்சே. ஷாக், ஸ்பிரிங் எல்லாம் நீ சொன்ன மாதிரியே போட்டிருக்கேன். உன் வண்டி மாதிரியே இருக்கும்."

வண்டியை மாற்றிக்கொள்ள கிளப்பில் தடையில்லை. சுற்றி நின்றவர்கள் நெவிலின் முதுகில் தட்டினார்கள். டாரில் மனசுக்குள் கணக்குப் போட்டான். சின்னப் போட்டி ஐந்து நிமிஷம், எப்படியோ தாங்கியிருக்கும். பெரியது பத்து நிமிஷம். இருபத்து மூன்று பல்லோடு எந்த மோட்டாரும் தாங்காது. பல்சக்கரமோ தூசு மூடிக்குள்ளே இருந்தது. திறந்து மாற்றப்போனால், ஏன் என்று நெவில் கேட்பான். வாயைத் திறந்தால் நட்பு போகும், மூடிக்கொண்டால் அவன் மோட்டார் போகும்.

மூடிக்கொண்டான்.

ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறினால் போட்டி முடியும்வரை இறங்க முடியாது. ஒரு போட்டி ஓட்டியவர்கள் அடுத்த போட்டிக்குத் திருப்பங்களில் நின்று, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கிவிட வேண்டும் என்பது வழக்கம். ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு நெவில் நேர்பாதையின் கோடியில் நின்றான், சரியாக டாரிலின் கண்ணுக்கு நேரே.

வண்டி அருமையாக ஓடியது. திருப்பங்களில் வழுக்கவே இல்லை. முதல் சுற்றிலேயே டாரில் முன்னால் வந்துவிட்டான். ஆனால் நேர்பாதை வரும்போதெல்லாம் விரல் தானாகத் தளர்ந்தது. பாதி தூரத்திலேயே வேகத்தை விட்டுவிட்டான். எந்தச் சுற்றில் புகை வரும் என்று காத்திருந்தான். மூக்கு தீய்ந்த வாசனையைத் தேடியது, பக்கத்துச் சர்க்கரை ஆலையின் வாசனைதான் வந்தது. மேடையின் கம்பியை உடைத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. எட்டாவது நிமிஷத்தில் பெட்ராவின் வண்டி நேர்பாதையில் அவனைத் தாண்டிப் போனது. துரத்த அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுபடியும் இரண்டாமிடம்.

இறங்கி ஓடிப்போய் முதலில் மோட்டாரைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. நம்பாமல் விரலை அங்கேயே வைத்திருந்தான்.

நெவில் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தான். "நல்லாத்தானே ஓடிச்சு? நேர்பாதையில ஏன் ஒவ்வொரு தடவையும் விட்டுட்ட? விடாம அழுத்தியிருந்தா அவ உன் பின்னாடிகூட வந்திருக்க மாட்டா."

"சூடாயிடும்னு..."

"எப்படி ஆகும்? காலையில இருபத்து மூணு போட்டதுலதான் வெந்துச்சு. உடனே இருபது மாத்திட்டேன். உன்கிட்ட சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல. எண்ணும்போது தப்பு விட்டிருப்ப. பல்லு அவ்வளவு பொடிசு, நம்ம வயசுக்குக் கண்ணு எங்க தெரியுது?"

நெவில் சிரித்தான். டாரில் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமையும் நெவில் இதேபோல் வந்து நிற்பான், எத்தனை பல் என்று கேட்பான், சொன்னதை நம்புவான். அதைத்தான் டாரிலால் தாங்க முடியவில்லை.

"நான் தப்பா எண்ணல, நெவில்."

நெவிலின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு டாரிலின் கையிலிருந்து தன் வண்டியை வாங்கிக்கொண்டான்.