பெருமாயியின் நெஞ்சில் இரண்டு புள்ளிகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் ஓர் எக்ஸ்ரே பிலிம் கிடந்தது. விலா எலும்புகள், நடுவே இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஓரத்தில் 'பெருமாயி, 1942'. இனி நிழலிலிருந்து ஆளைச் செய்ய வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'வெள்ளைக்கல் சுரங்கத்தின் மேல் சூரியன்...'

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலை இல்லை.

இரண்டாவது: பெருமாயி சுரங்கத்தில் கல் உடைப்பவள். சம்மட்டியிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு நெஞ்சில் இறங்கிவிட்டது. புண் மூடிவிட்டது, சில்லு உள்ளே நகர்ந்துவிட்டதால் தழும்பை வைத்து இடம் சொல்ல முடியாது, இருமினால் ரத்தம் வருகிறது. கணவன் சடையன் பர்மா சண்டைக்குப் போனவன். எட்டு மாதமாகக் கடுதாசி இல்லை. (கடுதாசியை நான்தான் நிறுத்தினேன். கதைக்குத் தேவைப்படுகிறது.)

3

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுக்குமுன் நகை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார் கம்பவுண்டர் சரவணமுத்து. தோடு, மூக்குத்தி கழற்றினாள். படத்தில் இரண்டு புள்ளி விழுந்தது. சில்லு இரண்டு என்றார் டாக்டர். குத்தியது ஒன்றுதான் என்று அவள் சாதித்தாள். அப்போதுதான் கம்பவுண்டர் அவள் கழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, தாலியக் கழட்டலையா?"

"முன்னால இல்லீங்களே. முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிட்டேனுங்க."

"இந்த மெசினுக்கு முன்னாலயும் ஒண்ணுதான், பின்னாலயும் ஒண்ணுதான். கழட்டு, இன்னொண்ணு எடுக்கலாம்."

"அவுரு இருக்காரா இல்லியான்னே தெரியலீங்க. நாங் கழட்டுனா நானே முடிவு சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

கொஞ்ச நேரம் பிலிமையே பார்த்தாள்.

"கழட்ட வேண்டாமுங்க. தோளுப் பக்கம் நகத்திக்கறேன். எந்தப் புள்ளி நகருதோ அது தாலி."

(இவளுக்கு இது தோன்றுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எங்கே தட்டினால் பாறை பிளக்கும் என்று வெளியிலிருந்து பார்த்தே சொல்கிறவள். தோன்றும்.)

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் யுத்தகாலம். ஏற்கெனவே எடுத்ததுதான் கடைசி பிலிம். அடுத்தது வர ஒரு மாதம். அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை. இரண்டு இடத்தில் அறுத்தால் உடம்பு தாங்காது.

4

முடிவு ஒன்று: மறுநாள் ரயிலில் பிலிம் வந்தது. அடித்துவிட்டேன். ஒரு வரியில் ரயில் விடுவது எனக்குச் சுலபம், அவளுக்கு வராது.

முடிவு இரண்டு: டாக்டர் சரியான புள்ளியை...

எந்தப் புள்ளி? என்னிடமும் இருப்பது ஒரே பிலிம்தான்.*

காலையில் அறுக்க வேண்டும். இடதா, வலதா? நீங்கள் சொல்லுங்கள். சொல்லுமுன் ஒன்று: பிலிமைத் திருப்பிப் பிடித்தால் இடது வலதாகிவிடுகிறது. இதயத்தின் நிழல் மங்கிவிட்டது. பெயரை எழுதியவரும் எது முன்பக்கம் என்று குறித்து வைக்கவில்லை.

* இன்னொன்று உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.